அது ஜகாத் அல்ல, பாக்கி

(திண்டிவனத்தில் நிகழ்த்திய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ரமழான் பிறக்கச் சில நாட்களே இருந்தன. ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின் ஒருவர் மட்டும் தூணோரம் அமர்ந்திருந்தார். விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வந்து, இங்குள்ள ஒரு மரவாடியில் அறுவை இயந்திரம் ஓட்டுபவர். சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என் முன் வைத்தார். உள்ளே ஐயாயிரம் ரூபாய். "ஹழ்ரத், முதலாளி கொடுத்தார். ஜகாத் பணம் என்று சொல்லித்தான் கொடுத்தார். இது எனக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

வழக்கமாகக் கேட்பதை நானும் கேட்டேன். வீட்டில் நகை உண்டா, கடன் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை பேர்? விடைகளைக் கேட்டுவிட்டு, "ஆகும், வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஹழ்ரத். பதினோரு வருஷம் ஆயிற்று. என்னோடு லோடு ஏற்றிக்கொண்டிருந்த இன்னொருவரையும் நிறுத்திவிட்டார். அவர் நம்மவர் இல்லை. ஜகாத் அவருக்குச் சேராது என்பதால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டேன் என்பது இஷாவுக்குப் பின்தான் உறைத்தது. அந்த உறையில் இருந்தது உதவியா, கொடுக்க வேண்டிய பாக்கியா? பாக்கி என்றால் அதை ஜகாத்தாகக் கொடுக்க முடியாது. ஒருவருக்குத் தர வேண்டிய கடனையோ கூலியையோ ஜகாத் என்று பெயர் சூட்டிக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. இதில் ஹனஃபி, ஷாஃபிஈ என்ற வேறுபாடு கிடையாது. மத்ரஸாவில் ஓதிய சிறு மாணவரும் இதை அறிவார்.

மறுநாள் அந்த மரவாடி உரிமையாளரைச் சந்தித்தேன். அவர் கெட்டவர் அல்லர். முதல் ஸஃப்பில் நிற்பவர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்ததையும், நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வெள்ளத்தில் அவருடைய மோட்டார்களும் மரங்களும் பாழாயின. "இரண்டு ஆளைக் குறைத்தால்தான் கடையை ஓட்ட முடியும் ஹழ்ரத். அவர்கள் கேஷுவல் லேபர். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலியைத் தீர்த்துவிடுகிறேன். ஒரு பைசா பாக்கி இல்லை" என்றார்.

உண்மையைச் சொல்வதானால், அப்போது என்னிடம் மறுமொழி இல்லை. நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் இஜாரா என்னும் கூலி ஒப்பந்தப் பாடம் இருக்கிறது. வேலைக்குக் கூலி, வேலை முடிந்தால் ஒப்பந்தம் முடிந்தது என்றுதான் மேலோட்டமாகப் படித்தவனுக்குத் தோன்றும். சட்டம் என்ன சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. விழுப்புரம் நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு சகோதரரிடம் சென்று கேட்டேன். இன்று நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவரிடம் பாடம் கேட்டது.

நல்லடியார்களே! நம் நாட்டில் 1947-இல் தொழில் தகராறுகள் சட்டம் வந்தது. ஆட்குறைப்பு இழப்பீடு என்ற உரிமை 1953-இல் அதில் சேர்க்கப்பட்டது. ஒரு தொழிலாளி முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்திருந்தால் அது ஓராண்டுத் தொடர்பணி. அத்தகையவரை, அவருடைய குற்றம் ஏதுமின்றி நிறுத்துவதானால், ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். இல்லையேல் ஒரு மாதக் கூலி தர வேண்டும். அதற்கு மேல், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிக் கூலி இழப்பீடு. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட மீதிக் காலமும் ஓராண்டாகவே எண்ணப்படும். இது பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரிய விதி அன்று.

இந்த விதியில் "நிரந்தரத் தொழிலாளி" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேஷுவலா, தற்காலிகமா, ரெஜிஸ்டரில் பெயர் உண்டா என்று அது கேட்கவில்லை. நாட்களைத்தான் கேட்கிறது.

2025 நவம்பர் 21 அன்று அந்தப் பழைய சட்டம் விலகி, தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. "சட்டம் மாறிவிட்டது, இனி ஒன்றும் தர வேண்டியதில்லை" என்று கடைவீதியில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. 240 நாள் கணக்கும், ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலியும் புதிய தொகுப்பிலும் அப்படியே இருக்கின்றன. இன்னும் ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொருவருக்காகவும் மேலும் பதினைந்து நாள் கூலியை மறுதிறன் நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும். அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். தொழிலாளிக்குக் குறைந்துபோனவையும் உண்டு. 100 பேர் வேலை செய்யும் ஆலை ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி பெற வேண்டும் என்றிருந்தது இப்போது 300 பேர் என்றாகிவிட்டது. வேலைநீக்கத்தை எதிர்த்து முறையிட முன்பு மூன்றாண்டு அவகாசம் இருந்தது. இப்போது இரண்டே ஆண்டு. ஆகவே பாதிக்கப்பட்டவர், "பெருநாள் கழியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும்" என்று காத்திருக்கலாகாது.

இனி அந்த மரவாடிக்கு வருவோம். இயந்திரம் ஓட்டியவர் வேலைக்குச் சேர்ந்தது 2013 ஜூலை. நிறுத்தப்பட்டது 2025 பிப்ரவரி. பதினோரு ஆண்டு ஏழு மாதம். மீதி ஏழு மாதமும் ஓராண்டாவதால் பன்னிரண்டு ஆண்டு. நாள்கூலி 600 ரூபாய். பதினைந்து நாளுக்கு 9,000. பன்னிரண்டு ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். முன்னறிவிப்பு இல்லாததால் ஒரு மாதக் கூலி தனி. அங்கே பத்துப் பேருக்கு மேல் வேலை செய்ததாலும், அவர் ஐந்தாண்டுகளைக் கடந்தவர் என்பதாலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை வேறு. அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்ற கணக்குத்தான். இரண்டு இலட்சத்திற்கு மேல் வருகிறது. ஜகாத் உறையில் இருந்தது ஐயாயிரம்!

உரிமையாளர் அதிர்ந்துபோனார். "2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் கடையே திறக்கவில்லையே, அந்த ஆண்டு 240 நாள் எப்படி ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நோய், அனுமதித்த விடுப்பு, விபத்து, தொழிலாளியின் தவறின்றி வேலை நின்றுபோன நாட்கள் ஆகியவை பணித் தொடர்ச்சியை முறிப்பதில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. சம்பளத்தோடு கூடிய ஞாயிறுகளையும் விடுமுறைகளையும் 240-இல் சேர்க்க வேண்டும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியமான வாதம். "அன்றன்றைய வேலை அன்றன்றைக்கு முடிந்துவிடுகிறது. நான் யாரையும் நீக்கவில்லை. மறுநாள் கூப்பிடவில்லை, அவ்வளவுதானே!"

இதே வாதத்தை நம் மாநிலத்து வழக்கொன்றில் பாரத ஸ்டேட் வங்கி சொல்லிப் பார்த்திருக்கிறது. தற்காலிகக் காசாளர் ஒருவரை விட்டுவிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கடைசி நியமன ஆணையிலேயே முடியும் தேதி போட்டிருந்தது. தேதி வந்தது, வேலை தானாக முடிந்தது, நாங்கள் நீக்கவில்லை என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கில், 1976-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்பே. எப்படி முடித்தீர்கள் என்பதை விட, முடிந்துவிட்டது என்பதே தொழிலாளிக்கு முக்கியம் என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 1984-இல் ஒரு திருத்தம் வந்து, எழுதிச் செய்துகொண்ட ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாவிட்டால் அது ஆட்குறைப்பில் சேராது என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. புதிய தொகுப்பும் குறித்த கால வேலை என்று அதை ஏற்றிருக்கிறது. ஆனால் ஓராண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மரவாடியில் எழுத்தும் இல்லை, காலக்கெடுவும் இல்லை.

நம் விழுப்புரம் சந்திப்பைத் தாண்டிச் செல்லும் தண்டவாளங்களில் எத்தனையோ பேர் கேஷுவல் லேபராக வாழ்நாளைக் கழித்திருக்கிறார்கள். அதே தென்னக ரயில்வேயில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேஷுவலாகவே வைக்கப்பட்டிருந்த ஒருவரை, வேலைக்கு வரவில்லை என்று பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம், பெயரை அடிப்பதும் ஆட்குறைப்பே என்றது. இருபது ஆண்டு தற்காலிகம்! ஒருவருடைய இளமை முழுவதையும் "தற்காலிகம்" என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட முடிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அரசும் இதில் நமக்கு நல்ல முன்மாதிரி காட்டவில்லை. 1997-இல் நியமிக்கப்பட்ட ஏறத்தாழ பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள் 2002 செப்டம்பரில் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2006 பிப்ரவரியில்தான் மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். இடையில் 41 மாதம். அந்த நாட்களில் மண்வெட்டி பிடித்த கைகளோடு கூலி வேலை தேடி அலைந்தவர்களை நம் ஊர்ச் சாலைகளிலும் பார்த்தோம்.

நான் உரிமையாளரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "ஒவ்வொரு நாள் மாலையும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் அவர் ஒரு திங்கட்கிழமை வராதபோது வீட்டுக்கு ஆள் அனுப்பினீர்களே, அது எந்த ஒப்பந்தத்தின் பேரில்?" அவர் பதில் சொல்லவில்லை.

அறிஞர் பெருமக்களே, ஃபிக்ஹின் அடிப்படை விதி ஒன்றை இங்கு நினைவூட்ட வேண்டும். மக்களிடையே தெரிந்த வழக்கமாக நிலைத்துவிட்ட ஒன்று, ஒப்பந்தத்தில் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நிபந்தனை போலவே கருதப்படும். இந்த நாட்டில் லைசென்ஸ் வாங்கி, மின் இணைப்பு வாங்கிக் கடை திறக்கும் ஒருவர், இந்த நாட்டின் கூலிச் சட்டத்தை ஏற்றுத்தான் ஆளை வைக்கிறார். வாடகைதாரர் கடையைக் காலி செய்ய மறுத்தால் அதே நாட்டுச் சட்டத்தைத் தேடித்தான் ஓடுகிறோம். வாங்கும் படி ஒன்றும் கொடுக்கும் படி ஒன்றுமாக வைத்திருப்போரைத் திருமறையின் 83-ஆம் அத்தியாயம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது! ஆகவே ஆட்குறைப்பு இழப்பீடு ஒப்பந்தத்திற்குள்ளேயே அடங்கிய நிபந்தனை. நிறுத்திய அன்றே அது கடனாகிவிடுகிறது என்பது என் முடிவு. நான் ஆலோசனை கேட்ட மூத்த உஸ்தாத் ஒருவர் இதில் இன்னும் தயங்குகிறார். "தக்வா என்று சொல், கடமை என்று சொல்லாதே" என்கிறார். அவருடைய பேணுதலை மதிக்கிறேன். ஆனால் கடன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

குகையில் சிக்கிய மூவரின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. சிறுவயது முதல் கேட்டிருப்பீர்கள். அவர்களில் மூன்றாமவரைச் சற்று உற்று நோக்குங்கள். அவர் வைத்த ஆள் ஒரு கூலியாள். கூலி ஒரு ஃபரக் அளவு அரிசி. கூலியாள் மனக்குறையோடு அதை வாங்காமலே போய்விட்டார். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. ஹதீஸிலும் அவர் பெயர் இல்லை! முதலாளி அந்த அரிசியை விதைத்துப் பெருக்கினார். மாடுகளும் மேய்ப்பவரும் சேர்ந்தார்கள். காலம் கழித்து வந்த கூலியாள் தன் உரிமையைக் கேட்டபோது, அந்த மந்தை முழுவதையும் காட்டி, "இது உன்னுடையது" என்றார். பரிகாசம் செய்கிறீர்களா என்று அவரே நம்பவில்லை. நம்மில் யாராயினும் அந்த ஒரு ஃபரக் அரிசியை மட்டும் அளந்து கொடுத்துவிட்டு, அதன்மேல் கொஞ்சம் ஸதக்கா சேர்த்தோம் என்று மனநிறைவு கொண்டிருப்போம்.

அந்த லோடு ஏற்றியவரையும் மறந்துவிடக் கூடாது. அவருக்கு எட்டாண்டுக் கணக்கு இருந்தது. அவருடைய மதம் பாக்கியைக் குறைக்காது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜில் ஒரு நிகழ்ச்சி உண்டு. வாசலில் கையேந்தி நின்ற முதிய யூதர் ஒருவரை ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். பின் பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பி, இவரது வாலிபத்தின் உழைப்பை உண்டுவிட்டு முதுமையில் கைவிட்டால் நாம் நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம் என்ற கருத்தைச் சொல்லி, அவரது ஜிஸ்யாவையும் நீக்கினார்கள். பாருங்கள், அது தர்மப் பேச்சு அல்ல, நீதிப் பேச்சு.

தொழிலாளிகளாக இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. 240 நாள் வேலை செய்தேன் என்று நிறுவ வேண்டிய பொறுப்பு முதலில் உங்களுடையது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலாளியிடம் உள்ள வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லித் தொழிலாளி கோரலாம் என்று 2005-இல் மற்றொரு தீர்ப்பு விளக்கியது. ஆயினும் பதிவேடே இல்லாத இடத்தில் எதைக் கொண்டுவருவது? அந்த இயந்திரம் ஓட்டியவரின் மனைவி ஒவ்வொரு சனிக்கிழமையும் வாங்கிய கூலியைப் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்தவர்கள். மளிகைக் கணக்குக்கும் பால் கணக்குக்கும் இடையே பதினோரு ஆண்டுக் கூலி! கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அந்த நோட்டுகளைக் கண்டபின் உரிமையாளர் மறுக்கவில்லை. நிறுத்திய உடனே தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். நாள்கூலித் தொழிலாளி வழக்கில் வென்றாலும் அண்மைக் காலமாக நீதிமன்றங்கள் பெரும்பாலும் வேலையைத் திருப்பித் தருவதில்லை. ஒரு தொகையைத்தான் தருகின்றன. 2009-இல் ஒரு வழக்கில் பதினோரு மாதம் போல வேலை செய்தவருக்கு 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கு ஆன காலம் பதின்மூன்று ஆண்டு. ஆகவே ஜமாஅத்தில் பேசித் தீர்க்க முடிந்தால் அது இருவருக்கும் நல்லது. ஆனால் பேசித் தீர்ப்பது என்பது பாதியை விட்டுக்கொடுக்க வைப்பது என்று ஆகிவிடக் கூடாது.

மரவாடி உரிமையாளர் ஒரு மனையை விற்றார். இயந்திரம் ஓட்டியவருக்கு முழுவதும் தீர்ந்துவிட்டது. லோடு ஏற்றியவருக்கு இன்னும் மூன்று தவணை நிற்கிறது. அந்த ஐயாயிரத்தை அவர் பாக்கிக் கணக்கில் கழிக்கவில்லை. ஜகாத்திலும் சேர்க்காமல் அந்த ஆண்டு ஜகாத்தை மறுபடி கணக்கிட்டுக் கொடுத்தார். அல்லாஹ் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!

இதுவரை பிறர் கணக்கைப் பேசினேன். இனி நம் கணக்கு.

நம் பள்ளிவாசலில் ஒன்பது ஆண்டுகள் ஹவ்ளைச் சுற்றியும் கழிப்பறைகளையும் கழுவிவந்த அம்மையாரை உங்களுக்கு நினைவிருக்கும். 2022-இல் சுத்தம் செய்யும் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டபோது அவரை நிறுத்தினோம். ஒரு சேலையும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஃபாத்திஹா ஓதித் தொடங்கி வைத்தவனே நான்தான். பள்ளிவாசல் ஒரு தொழில் நிறுவனமா என்று வழக்கறிஞர் சகோதரரிடம் கேட்டேன். தர்ம காரியம் செய்யும் அமைப்புகளைப் புதிய தொகுப்பு விலக்கி வைத்திருக்கிறது, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் அது பொருந்தாது என்றார். அதாவது நம்மை எந்த நீதிமன்றத்துக்கும் யாரும் இழுக்க முடியாது. இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை, அச்சம்தான் வந்தது.

மாதம் 3,000 ரூபாய் வாங்கினார். பதினைந்து நாளுக்கு 1,500. ஒன்பது ஆண்டுக்கு 13,500. முன்னறிவிப்புக்கு ஒரு மாதச் சம்பளம் சேர்த்தால் 16,500. நம் உள்பள்ளியில் ஓடும் ஏ.சி. ஒன்றின் விலைகூட வராது. "ஜகாத் நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாமே ஹழ்ரத்" என்று நிர்வாகி ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். அதைத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். கடை வாடகை வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டும். வரும் ஞாயிறு மஃரிபுக்குப் பின் நடக்கும் நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. ஜமாஅத்தார் யாரும் வந்து கேட்கலாம். அந்த அம்மையார் இப்போது செஞ்சி ரோட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். தீர்மானம் நிறைவேறினால் பொருளாளரோடு நானும் சென்று கொடுத்துவிட்டு, இத்தனை நாள் தாமதத்திற்கு மன்னிப்பும் கேட்டு வருவோம், இன்ஷா அல்லாஹ்.